ஜூரி சொன்ன தொகையில் எவ்வளவு நிற்கும்? அமெரிக்க நீதிமன்றங்கள் தண்டத் தொகைக்குக் கடிவாளம் போடும் விதம்

2019 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில், ரவுண்டப் களைக்கொல்லியால்தான் தங்களுக்குப் புற்றுநோய் வந்தது என்று வழக்குத் தொடுத்திருந்த வயதான தம்பதிக்கு அதைத் தயாரித்த மான்சாண்டோ நிறுவனம் 205 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, சொன்னது. உலகமெங்கும் அது முதல் பக்கச் செய்தி. அதே ஆண்டு ஜூலையில், வழக்கை விசாரித்த நீதிபதி அந்தத் தொகையை 8.67 கோடி டாலராகக் குறைத்தார். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் குறைத்த தொகையையே உறுதி செய்தது.

205 கோடி எப்படி 8.67 கோடி ஆயிற்று? பணக்கார நிறுவனம் எதையோ செய்து தப்பித்துவிட்டது என்றுதான் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தத் தொகை வரிசையாகச் சில சல்லடைகளில் சலிக்கப்பட்டது. ஒவ்வொரு சல்லடைக்கும் ஒரு விதி உண்டு, அதற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. அந்த விதிகளை முதன்முதலாகத் தெரிந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டப் படிப்பில் காலடி வைத்திருக்கும் மாணவராக நீங்கள் இருக்கலாம். அமெரிக்காவில் குடியேறி, ஜூரிப் பணிக்கு அழைப்பு வந்தவராக இருக்கலாம். பெரிய தீர்ப்புச் செய்தியைப் படித்துவிட்டு, "இது நிஜமாகவே கொடுக்கப்படுமா?" என்று யோசித்தவராகவும் இருக்கலாம். உங்கள் சொந்த வழக்கு என்றால் மட்டும், இதைப் படித்த பிறகும் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

முதலில் தொகையைப் பிரித்துப் பாருங்கள்

தீர்ப்புத் தொகை என்பது ஒரே மூட்டை அல்ல. அதில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று, இழப்பீடு: மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வலி, மன உளைச்சல் ஆகியவற்றை ஈடுகட்டுவது. மற்றொன்று, தண்டத் தொகை. பத்திரிகைகள் இதைத் தண்டனை இழப்பீடு என்றும் எழுதுகின்றன. வாதி இழந்ததற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பிரதிவாதி செய்தது அவ்வளவு கேவலமானது, அவருக்கு வலிக்க வேண்டும், அவரைப் பார்த்து மற்றவர்களும் பயப்பட வேண்டும் என்பதற்காக விதிக்கப்படுவது. நாம் இந்தக் கட்டுரையில் பேசப்போகும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பணத்தின் மீதுதான் பாய்கின்றன.

மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். "காபி கொட்டியதற்குக் கோடிக்கணக்கில் வாங்கிவிட்டாள் ஒரு கிழவி" என்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். நடந்தது இது. 1992இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கி நகரில் 79 வயது மூதாட்டி ஒருவர், நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து, சர்க்கரை போடுவதற்காகக் காபிக் கோப்பையின் மூடியைத் திறந்தார். கோப்பை மடியில் கவிழ்ந்தது. அந்த நிறுவனம் காபியை 180 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வைத்திருந்தது. தோல் முழு ஆழத்துக்கும் வெந்து, ஒட்டுத் தோல் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன்பே சூடு பட்டதாக சுமார் 700 புகார்கள் நிறுவனத்திடம் இருந்தன. சிகிச்சைச் செலவை ஒட்டி அவர் கேட்டது சுமார் 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர்.

1994இல் ஜூரி 2 லட்சம் டாலர் இழப்பீடு என்றது. ஆனால் தவறில் 20 சதவீதம் அவருடையது என்றும் சொன்னதால் அது 1.6 லட்சமானது. தண்டத் தொகையாக 27 லட்சம் டாலர். அந்த நிறுவனத்தின் இரண்டு நாள் காபி விற்பனைக்குச் சமமான தொகை அது. நீதிபதி அதை 4.8 லட்சமாகக் குறைத்தார். 1.6 லட்சத்தைப் போல் சரியாக மூன்று மடங்கு. பிறகு இரு தரப்பும் வெளியில் சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டனர். அந்த மூதாட்டி பேராசைக்காரி அல்ல. அவர் கதையைக் கேலியாகச் சொல்பவர்கள் 27 லட்சத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, குறைத்த தொகையையும் வெந்த தோலையும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

சரி, ஜூரி சொன்னதை ஏன் குறைக்க வேண்டும்? தண்டிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. அங்கே எந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். உரிமையியல் வழக்கில் இந்தப் பாதுகாப்புகள் எதுவும் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஜூரி ஓர் எண்ணைச் சொல்லித் தண்டித்துவிடலாம். எவ்வளவு தண்டனை வரக்கூடும் என்பதை ஒருவர் முன்கூட்டியே ஓரளவு அறிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14வது திருத்தத்திலுள்ள உரிய சட்ட நடைமுறை என்ற வாக்குறுதிக்குள் அடங்கும். கட்டுப்பாடுகள் எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. மிகையான அபராதத்தைத் தடைசெய்யும் 8வது திருத்தமும் இங்கே பொருந்தும் என்று சிலர் வாதிட்டுப் பார்த்தார்கள். தனியார் இருவருக்கு இடையிலான வழக்குக்கு அது பொருந்தாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எந்த மாநிலம் என்று கேளுங்கள்

அடுத்த கேள்வி இதுதான். அரசியல் சட்டத்தின் பக்கம் போவதற்கு முன்பே, மாநிலச் சட்டம் தொகையை வெட்டிவிடக்கூடும்.

நெப்ராஸ்காவில் தண்டத் தொகை என்பதே கிடையாது. லூசியானாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும், குறிப்பிட்ட ஒரு சட்டம் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே உண்டு. வர்ஜீனியாவில் 3.5 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு, வழக்கு எதுவானாலும். நடிகர் ஜானி டெப் தன் முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்ட் மீது தொடுத்த அவதூறு வழக்கு அந்த மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸில்தான் நடந்தது. 2022 ஜூனில் ஜூரி ஒரு கோடி டாலர் இழப்பீடும் 50 லட்சம் டாலர் தண்டத் தொகையும் சொன்னது. நீதிபதி அந்த 50 லட்சத்தை அங்கேயே 3.5 லட்சமாக்கினார். வாதம் எதுவும் தேவைப்படவில்லை, சட்டம் அப்படி. இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படி ஒரு வரம்பு இருக்கிறது என்று ஜூரியிடம் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் ஜூரி சொல்லும் எண்ணுக்கும் தீர்ப்பில் வரும் எண்ணுக்கும் இவ்வளவு தூரம்.

டெக்சாஸின் வாய்ப்பாடு கொஞ்சம் சுற்றி வளைத்தது. பண இழப்பின் இரண்டு மடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு வலி, வேதனைக்கான இழப்பீட்டைக் கூட்டுங்கள். ஆனால் இந்த இரண்டாவது பகுதி 7.5 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. வரும் கூட்டுத்தொகை, அல்லது 2 லட்சம் டாலர், இரண்டில் எது அதிகமோ அதுவே வரம்பு. ஒருவருக்குச் சம்பளமும் மருத்துவச் செலவுமாக ஒரு லட்சம் டாலர் இழப்பு, வலிக்காக 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சமும் மூன்று லட்சமும் சேர்ந்து 5 லட்சம் வரம்பு. ஜூரி 2 கோடி சொல்லியிருந்தாலும் 5 லட்சம்தான் நிற்கும். சில கடுமையான குற்றங்களைத் தெரிந்தே செய்திருந்தால் மட்டும் இந்த வரம்பு விலகும்.

கலிஃபோர்னியாவில் பொதுவான வரம்பு எதுவும் இல்லை. மான்சாண்டோ வழக்கில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு இடம் இருந்ததும் அதனால்தான்.

எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்பதும் முக்கியம். வேலை இடத்தில் மதம், பால், பிறந்த நாடு காரணமாகப் பாகுபாடு காட்டினால் தொடுக்கப்படும் கூட்டாட்சிச் சட்ட வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மன உளைச்சல் முதலியவற்றுக்கான இழப்பீடும் தண்டத் தொகையும் சேர்ந்தே ஒரு வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று 1991இல் சட்டம் வகுத்தார்கள். 15 முதல் 100 ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்துக்கு 3 லட்சம் டாலர். அன்றிலிருந்து அந்த எண்கள் நகரவே இல்லை. விலைவாசி எங்கோ போய்விட்டது, வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. இனப் பாகுபாட்டுக்கு வேறொரு பழைய சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தால் இந்த வரம்பு இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் மனு எழுதுவது என்ற முதல் நாள் முடிவிலேயே பின்னால் வரும் தொகையின் அளவு அடங்கியிருக்கிறது.

நகராட்சி மீதோ கூட்டாட்சி அரசின் மீதோ வழக்கு என்றால் பொதுவாகத் தண்டத் தொகையை மறந்துவிடலாம். கட்டப்போவது வரி செலுத்தும் மக்கள் என்பதுதான் அதன் பின்னுள்ள எண்ணம்.

இந்த எண் வரம்புகளைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. டெக்சாஸ் போன்ற வாய்ப்பாட்டில் பண இழப்பு அதிகம் உள்ளவருக்கே வரம்பு உயர்கிறது. சம்பளம் இல்லாத இல்லத்தரசி, ஓய்வு பெற்ற முதியவர், சிறு குழந்தை ஆகியோருக்கு அதே கொடுமை நடந்தால் வரம்பு தாழ்கிறது. தண்டிப்பது செய்தவனின் தவறுக்காக என்றால், பாதிக்கப்பட்டவரின் சம்பளம் அதை ஏன் தீர்மானிக்க வேண்டும்? இனி வரும் பகுதிகளில் நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு எடைபோடும் முறையைப் பார்ப்போம். அதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் அதன் பக்கம்.

ஜூரியின் கைக்குப் போகும் முன்

எல்லாத் தவறுக்கும் தண்டத் தொகை கேட்க முடியாது. கவனக்குறைவு மட்டும் போதாது. கலிஃபோர்னியாவின் சட்டம் அடக்குமுறை, மோசடி, வன்மம் என்று மூன்றைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றையாவது தெளிவான, நம்பவைக்கும் சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். சாதாரண உரிமையியல் வழக்கில் தராசு கொஞ்சம் சாய்ந்தால் போதும், இங்கே நன்றாகவே சாய வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இதே அளவுகோல்தான். டெக்சாஸில் இந்தத் தொகைக்கு ஜூரி முழுவதும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஃபுளோரிடாவில், போதிய ஆதாரத்தைக் காட்டி நீதிமன்ற அனுமதி வாங்கிய பிறகே மனுவில் இந்தக் கோரிக்கையைச் சேர்க்க முடியும்.

பல இடங்களில் விசாரணையை இரண்டாகப் பிரிப்பார்கள். முதலில் தவறு நடந்ததா, இழப்பீடு எவ்வளவு என்பது. அது முடிந்த பிறகே பிரதிவாதியின் சொத்து விவரம் ஜூரியின் முன் வைக்கப்படும். பணக்காரன் என்று தெரிந்தாலே தவறு செய்திருப்பான் என்று நினைக்கும் மனித மனத்துக்கு இது ஒரு தடுப்பு. நீங்கள் ஜூரியில் உட்கார்ந்தால் இந்த இரண்டாம் கட்டம் வந்ததும் புரிந்துகொள்ளலாம், விஷயம் தண்டத் தொகைக்குப் போய்விட்டது என்று.

மூன்று கைகாட்டிகள்

இப்போது நடுமையத்துக்கு வருகிறோம். இதற்கு ஒரு கருப்பு காரின் கதை தெரிய வேண்டும்.

1990 ஜனவரியில் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் கோர் என்ற மருத்துவர் 40,750 டாலர் சொச்சத்துக்குப் புத்தம் புதிய கருப்பு பி.எம்.டபிள்யூ கார் வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டினார். எந்தக் குறையும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னும் பளபளப்பாக இருக்கட்டும் என்று மெருகேற்றும் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரரின் கண் வேறு. மேல்கூரை, முன்மூடி, பின்மூடி, பக்கவாட்டு என்று மறுபெயிண்ட் அடித்திருப்பதை அவர் கண்டுபிடித்துச் சொன்னார். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழையால் வண்ணம் கெட்டிருக்கலாம், அதைச் சரிசெய்ய நிறுவனம் 601 டாலர் செலவிட்டிருந்தது. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் யாரிடமும் சொல்லாமல் புதிய கார் என்றே விற்பது அவர்களின் கொள்கை.

காரின் மதிப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 4,000 டாலர் இழப்பீடு. அதே கொள்கைப்படி நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் கார்கள் விற்கப்பட்டிருந்தன. ஆகவே 40 லட்சம் டாலர் தண்டத் தொகை என்றது ஜூரி. அந்த ஆயிரத்தில் அலபாமாவில் விற்றவை 14 மட்டுமே. வேறு மாநில விற்பனைகளைக் கணக்கில் சேர்த்தது தவறு என்று அலபாமாவின் உச்ச நீதிமன்றம் 20 லட்சமாகக் குறைத்தது. அப்போதும் அது இழப்பீட்டைப் போல் 500 மடங்கு. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதுவும் மிகை என்றது. மிகை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தண்டத் தொகையை அரசியல் சட்டத்தின் பெயரால் அந்த நீதிமன்றம் தள்ளியது அதுவே முதல் முறை. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு, பின்னால் வருபவர்களுக்கு மூன்று கைகாட்டிகளை நட்டுவைத்தது.

செயல் எவ்வளவு கண்டிக்கத்தக்கது என்பது முதல் கைகாட்டி. மூன்றிலும் கனமானது இது. விளைந்த தீங்கு உடலுக்கா, பணத்துக்கு மட்டுமா? பிறர் உயிரைப் பற்றிய அலட்சியம் இருந்ததா? பாதிக்கப்பட்டவர் பண வசதியில்லாதவரா? ஒருமுறை நடந்ததா, மறுபடி மறுபடி நடந்ததா? தற்செயலா, அல்லது வஞ்சகமும் சூழ்ச்சியுமா? தீர்ப்பைப் படிக்கும்போது இந்த ஐந்தையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். காரின் வண்ணம் பணத்தை மட்டும் தொட்டது. வெந்நீர் போன்ற காபி உடலைத் தொட்டது.

இரண்டாவது, இழப்பீட்டுக்கும் தண்டத் தொகைக்கும் உள்ள மடங்கு. மூன்றாவது, இதே செயலுக்குச் சட்டம் விதிக்கக்கூடிய அபராதம் எவ்வளவு என்பது. அலபாமாவின் வணிக ஏமாற்றுச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் 2,000 டாலர். அதன் பக்கத்தில் 20 லட்சத்தை வைத்துப் பாருங்கள். மருத்துவரின் வழக்கு அலபாமாவுக்குத் திரும்பிப் போனது. 1997இல் அந்த நீதிமன்றம் 50,000 டாலர் போதும் என்றது. 40 லட்சத்தில் தொடங்கியது 50,000இல் முடிந்தது.

மூன்றாவது கைகாட்டியை நீதிமன்றங்கள் பெரும்பாலும் சீக்கிரம் கடந்துபோய்விடுகின்றன. அபராதத் தொகைகள் பல சட்டங்களில் எப்போதோ எழுதப்பட்ட சிறு எண்கள் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒற்றை இலக்க மடங்கு

இந்த இரண்டாவது கைகாட்டிதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. கோர் வழக்கில் நீதிமன்றம் எந்த எண்ணையும் எல்லையாகச் சொல்லவில்லை. 2003இல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவன வழக்கில்தான் ஓர் எண் வந்தது.

யூட்டா மாநிலத்தில் 1981இல் நடந்த சாலை விபத்தில் ஒருவர் இறந்தார், ஒருவர் நிரந்தரமாக ஊனமடைந்தார். விபத்துக்குக் காரணமான முதியவரின் காப்பீடு 50,000 டாலர். அந்தத் தொகைக்கே சமரசம் செய்துகொள்ள எதிர்த்தரப்பு தயாராக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் மறுத்து வழக்கை நடத்தியது. உங்கள் சொத்துக்கு ஆபத்தில்லை என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் உறுதி சொன்னது. தீர்ப்பு 1.85 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. மீதியைக் கட்ட முடியாது என்று நிறுவனம் கைவிரித்தபோது, அதன் வழக்கறிஞர் அந்தத் தம்பதியிடம், வீட்டு வாசலில் விற்பனைப் பலகை மாட்டிவிடுங்கள் என்று சொன்னார். பிறகு நிறுவனம் முழுத் தொகையையும் கட்டியது உண்மைதான். ஆனால் அதற்குள் அவர்கள் பட்ட பாடு பட்டதுதான். அதற்காக நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள்.

யூட்டாவின் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீட்டுக்கு 14.5 கோடி தண்டத் தொகையை நிலைநிறுத்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைத் தள்ளியது. ஒற்றை இலக்க மடங்கைக் கணிசமாகத் தாண்டும் தொகைகளில் வெகு சிலவே அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு நிற்கும் என்று நீதிபதி கென்னடி எழுதினார். இழப்பீடே பெரியதாக இருந்தால் ஒரு மடங்கே எல்லையாகலாம் என்றார். பிரதிவாதி பெரும் பணக்காரர் என்பதை மட்டும் வைத்து மிகையான தொகையை நியாயப்படுத்த முடியாது என்றும் சேர்த்தார். யூட்டா அதன் பிறகு விதித்தது சரியாக ஒன்பது மடங்கு, 90 லட்சம் டாலர் சொச்சம். ஒற்றை இலக்கம் என்று சொன்னார்களே, அதில் மிகப் பெரியது ஒன்பது அல்லவா!

கடல்சார் சட்டத்தில் இன்னும் இறுக்கம். 1989இல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கொட்டியது. ஜூரி விதித்த 500 கோடி டாலர், மேல்முறையீட்டில் 250 கோடியாகி, 2008இல் உச்ச நீதிமன்றத்தில் இழப்பீட்டுக்குச் சமமாக ஒரு மடங்கு என்று 50.75 கோடியில் நின்றது. இது அரசியல் சட்டத் தீர்ப்பு அல்ல, கடல்சார் பொதுச் சட்டத்துக்கான விதி. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரு மடங்குதான் பொது எல்லை என்று எழுதுபவர்கள் உண்டு. ஏமாறாதீர்கள். மீன்பிடித் தொழிலை இழந்த அலாஸ்கா மக்கள் இதற்காக 19 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

மூட்டைப்பூச்சி அறை

மடங்கு ஒரு வேலி அல்ல என்பதற்கு நான் எப்போதும் காட்டும் வழக்கு சிகாகோவில் நடந்தது. நகர மையத்தில் 191 அறைகள் கொண்ட மோட்டல் 6 விடுதி. 1998இலேயே பூச்சிக்கொல்லி நிறுவனம் மூட்டைப்பூச்சிகளைக் கண்டு, 500 டாலருக்கு எல்லா அறைகளுக்கும் மருந்து அடிக்கிறோம் என்றது. விடுதி மறுத்தது. 2000ஆம் ஆண்டில் மேலாளரே, விடுதியை மூடிவிட்டு மருந்தடிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார். அதற்கும் மறுப்பு. பூச்சி கடித்த ஒரு விருந்தினரை இன்னொரு அறைக்கு மாற்றினார்கள். அங்கும் பூச்சி. மூன்றாவது அறைக்குப் போன 18 நிமிடத்தில் அங்கும் கண்டார். வாடிக்கையாளர்களிடம் மூட்டைப்பூச்சி என்று சொல்லாமல் உண்ணி என்று சொல்லும்படி ஊழியர்களுக்கு உத்தரவு.

அந்த நவம்பரில் வந்த இருவருக்கு 504ஆம் எண் அறை கொடுக்கப்பட்டது. மருந்தடிக்கும்வரை வாடகைக்கு விடக் கூடாது என்று விடுதியின் பதிவிலேயே குறிக்கப்பட்டிருந்த அறை அது. அன்றிரவு 191 அறைகளில் 190 நிரம்பியிருந்தன.

ஜூரி ஒவ்வொருவருக்கும் 5,000 டாலர் இழப்பீடும் 1.86 லட்சம் தண்டத் தொகையும் சொன்னது. 37 மடங்கு. ஸ்டேட் ஃபார்ம் தீர்ப்பு வந்த அதே 2003இல், மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் இதை அப்படியே நிலைநிறுத்தினார். பூச்சிக்கடியால் வரும் பண நஷ்டம் சிறியது. அதைப் போல் நான்கு மடங்கு, ஒன்பது மடங்கு என்று நின்றுவிட்டால் எந்த வழக்கறிஞரும் இந்த வழக்கை எடுக்க மாட்டார், விடுதிக்கும் அது தினசரிச் செலவில் ஒன்றாகிவிடும். இரண்டு தொகைகளையும் கூட்டிப் பாருங்கள்: 1.91 லட்சம். அறைக்கு ஆயிரம் டாலர் என்று ஜூரி கணக்குப் போட்டிருக்கலாம் என்று போஸ்னரும் ஊகித்தார்.

மடங்கை மட்டும் பார்த்தால் கோரின் 500ஐப் போலவே இந்த 37ம் மீறல். மனிதரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் ஒன்பது மாதம் தெரியாமலேயே மகிழ்ச்சியாகக் கார் ஓட்டினார். இன்னொருவரைத் தெரிந்தே பூச்சி அறையில் படுக்கவைத்தார்கள். தண்டத் தொகைக்கு எல்லை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த எல்லையை இப்படி நடந்ததைப் பார்த்து வரைய வேண்டும் என்பதிலும் ஐயமில்லை.

பிறர் பட்ட தீங்கு

கோர் வழக்கில் பிற மாநில விற்பனைகள் ஒதுக்கப்பட்டதைப் பார்த்தோம். 2007இல் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனத்தின் வழக்கு இதை இன்னும் கூர்மையாக்கியது. ஓரிகன் மாநிலத்தில் புகைப்பிடித்து இறந்தவரின் மனைவிக்கு 8.21 லட்சம் இழப்பீடும் 7.95 கோடி தண்டத் தொகையும் சொல்லப்பட்டன. வழக்கில் இல்லாத மற்றப் புகைப்பிடிப்பவர்களுக்கு நேர்ந்த தீங்குக்காகத் தண்டிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் செயல் எவ்வளவு கண்டிக்கத்தக்கது என்று எடைபோட அந்தத் தீங்கைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. மெல்லிய கோடு இது. நீங்கள் ஜூரியில் இருந்தால் நீதிபதி சொல்லும் அறிவுரையில் இந்தப் பகுதியை இரண்டு முறை கேளுங்கள்.

யார், எப்போது குறைக்கிறார்கள்

ஜூரி முடிவு சொன்னதும் பிரதிவாதி விசாரணை நீதிபதியிடமே மனு போடுவார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பு பதிவான 28 நாட்களுக்குள். இந்தக் காலக்கெடுவை நீட்டிக்க முடியாது. தொகை மிகை என்று நீதிபதி கருதினால், குறைத்த தொகையை ஏற்றுக்கொள்கிறீர்களா, அல்லது புதிதாக விசாரணை நடத்தலாமா என்று வாதியிடம் கேட்பது வழக்கம். ரெமிட்டிட்டர் என்று இதற்குப் பெயர். மீண்டும் ஒரு விசாரணை என்றால் செலவும் ஆண்டுகளும் போகும் என்பதால், குறைத்த தொகையை ஏற்கும்படி வழக்கறிஞர்களே பல நேரம் சொல்வார்கள். அரசியல் சட்டத்தின் எல்லையை மீறியதாகக் குறைத்தால் மட்டும், மறு விசாரணை வாய்ப்புத் தர வேண்டியதில்லை என்று பல கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கருதுகின்றன.

அடுத்து மேல்முறையீடு. ஜூரியின் எண்ணைத் தொட நீதிபதிகளுக்கு அதிகாரமே இல்லாமல் செய்திருந்தது ஓரிகன் மாநிலம். அது கூடாது என்று 1994இல் ஹோண்டா வழக்கில் தீர்ப்பு வந்தது. 2001இல், கைக்கருவி தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான லெதர்மேன் வழக்கில், மேல்முறையீட்டு நீதிபதிகள் கீழே சொன்னதற்குத் தலைவணங்காமல் அரசியல் சட்டக் கேள்வியைப் புதிதாகத் தாங்களே எடைபோட வேண்டும் என்று முடிவானது. அந்த வழக்கில் ஜூரி சொன்ன 45 லட்சம் டாலர் தண்டத் தொகை பிறகு 5 லட்சமானது.

கையில் எவ்வளவு வரும்

கடைசிக் கணக்கு இது, வாதிகள் பலர் தாமதமாகவே தெரிந்துகொள்வது. ஓரிகனில் தண்டத் தொகையில் 70 சதவீதமும் இண்டியானாவில் 75 சதவீதமும் மாநிலத்துக்குப் போய்விடும். வழக்கறிஞரின் பங்கு தனி. உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்குக் கூட்டாட்சி வருமான வரி இல்லை, ஆனால் தண்டத் தொகைக்கு உண்டு. பிரதிவாதியின் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் தண்டத் தொகையைக் காப்பீடு சுமக்க அனுமதி இல்லை. காப்பீட்டில் ஒளிந்துகொண்டால் தண்டனை வலிக்காது என்பது காரணம். பிரதிவாதி சிறு வியாபாரியாக இருந்தால் அவரிடமிருந்து வசூலாகுமா என்பதே பெரிய கேள்வி.

ஆகவே சமரசப் பேச்சு வரும்போது தாளில் மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜூரி சொல்லக்கூடியது, மேல்முறையீட்டுக்குப் பிறகு நிற்கக்கூடியது, பங்கும் வரியும் கட்டணமும் போகக் கையில் வரக்கூடியது. எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் மூன்றாவது எண்ணை ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டுத்தான் மேசைக்கு வந்திருப்பார்.